கிராண்ட் ஜூரியிடம் காட்டப்படாத மின்னஞ்சல்: உரிய சட்ட நடைமுறை மீறப்பட்டதாகுமா?

ஏட்டுச்சுரை:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் குடியிருக்கும் என் தாய்மாமன் மகன் மீது, வங்கிக் கடன் விண்ணப்பத்தில் சொத்து மதிப்பைக் கூட்டிக் காட்டியதாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். முதலில் புகாரின் பேரில் கைது செய்து, மறுநாளே ஜாமீனில் விட்டார்கள். முதற்கட்ட விசாரணைக்கு நாளும் குறிக்கப்பட்டது. அன்றைக்குப் புலனாய்வு அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்துவிடலாம் என்று அவருடைய வழக்கறிஞர் ஆயத்தமாக இருந்த நிலையில், அதற்கு முந்தைய நாள் கிராண்ட் ஜூரி (ஒருவர் மீது குற்றம் சுமத்தலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) அவர் மீது குற்றச்சாட்டுப் பத்திரம் பிறப்பித்துவிட்டது. அதைக் காரணம் காட்டி முதற்கட்ட விசாரணையை ரத்து செய்துவிட்டார்கள்.

எங்களை உறுத்துவது இதுதான். அந்த மதிப்பு எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பதைக் கடன் வாங்குவதற்கு முன்பே வங்கி அதிகாரிக்கு அவர் விளக்கி எழுதிய மின்னஞ்சல் ஒன்று இருக்கிறது. சோதனையின்போது எடுத்துச் சென்ற கணினியில் அது பத்திரமாக இருக்கிறது என்பதால், அரசுத் தரப்புக்கு அது தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆனால் கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்லிவிட்டு வந்த வங்கி ஊழியர், அந்த மின்னஞ்சலைப் பற்றித் தம்மிடம் ஒருவரும் கேட்கவே இல்லை என்று எங்கள் வழக்கறிஞரிடம் கூறியிருக்கிறார். உரிய சட்ட நடைமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் சொல்லும்போது, சாதகமான ஆவணத்தை மறைத்துப் பெற்ற குற்றச்சாட்டுப் பத்திரம் எப்படிச் செல்லும்?

இதையொட்டி இன்னொரு ஐயம். கலிபோர்னியாவில் உள்ள நண்பர் ஒருவர் மீது மாநில நீதிமன்றத்தில் இதைவிடக் கடுமையான வழக்கு நடக்கிறது. அதில் கிராண்ட் ஜூரி என்ற பேச்சே எழவில்லை. அரசு வழக்கறிஞர் தாமே கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டைத் தாக்கல் செய்திருக்கிறார். அதே அரசியலமைப்பு அங்கே செல்லாதா?

மன்றாடி:

கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் உறவினரின் வழக்கறிஞர் சொல்வதே இறுதி. இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்களுடைய இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் முதல் கேள்விக்கான விடையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம் திருத்தம் பல உரிமைகளை அடுத்தடுத்து அடுக்கிச் சொல்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கோ இழிவு தரும் பெருங்குற்றத்துக்கோ கிராண்ட் ஜூரியின் குற்றச்சாட்டின்றி ஒருவரைப் பதில் சொல்ல வைக்கலாகாது என்பது முதல் வாசகம். உரிய சட்ட நடைமுறை என்பது அதே திருத்தத்தில் பின்னால் வரும் வேறொரு வாசகம். 1791-ல் நிறைவேறிய இந்தத் திருத்தம் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் வந்த பதினான்காம் திருத்தமே, உரிய சட்ட நடைமுறையை மாநில அரசுகளின் மீதும் கடமையாக்கியது. அப்படியானால் கிராண்ட் ஜூரியும் அந்த உரிய நடைமுறைக்குள் அடக்கமா என்ற கேள்வி, 1884-ல் ஹுர்டாடோ எதிர் கலிபோர்னியா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஜோசப் ஹுர்டாடோ மீதான கொலைக் குற்றச்சாட்டை, 1879-ஆம் ஆண்டின் கலிபோர்னிய அரசியலமைப்பு அனுமதித்தபடி, அரசு வழக்கறிஞரே நேரடியாகத் தாக்கல் செய்திருந்தார்; அவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது.

நீதிபதி மேத்யூஸ் எழுதிய தீர்ப்பின் தர்க்கம் இப்படிப் போகிறது: ஐந்தாம் திருத்தம் கிராண்ட் ஜூரியையும் சொல்கிறது, உரிய சட்ட நடைமுறையையும் தனியாகச் சொல்கிறது, அரசியலமைப்பில் வீண் சொல் இருக்க முடியாது என்பதால் இரண்டாவது முதலாவதை உள்ளடக்கியிருக்க முடியாது, பதினான்காம் திருத்தம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பதால் மாநிலங்களுக்குக் கிராண்ட் ஜூரி கட்டாயமில்லை. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அப்படிப் பார்த்தால், ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கப்படாத உரிமையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையும்கூட அதே திருத்தத்தில் தனித்தனியே சொல்லப்பட்டிருப்பதால், அவையும் உரிய நடைமுறையில் அடங்காமல் போய்விடுமே என்பது அவருடைய வாதம். பிற்காலத்தில் அவர் சுட்டிய அந்த இரண்டு உரிமைகளையும் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு விரிவாக்கியது: தனக்கு எதிரான சாட்சியம் 1964-ல் மல்லாய் வழக்கிலும், இருமுறை விசாரணை 1969-ல் பென்டன் வழக்கிலும். ஆகவே ஹுர்டாடோவின் தர்க்கம் சரிந்துவிட்டது, தீர்ப்பு மட்டும் நிற்கிறது. மிகையான அபராதத்துக்கு எதிரான தடையை 2019-லும், ஜூரியின் ஒருமித்த முடிவை 2020-லும் மாநிலங்கள் மீது கடமையாக்கிய நீதிமன்றம் இதை மட்டும் தொடாமல் வைத்திருப்பது எனக்கு ஒருபோதும் பொருத்தமாகப் பட்டதில்லை. உங்கள் நண்பரின் வழக்கு இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அதற்கு ஈடாக அவருக்கு நீதிபதி முன்னிலையில் முதற்கட்ட விசாரணை கிடைக்கும். தம் வழக்கறிஞர் மூலம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணையும் செய்யலாம். உள்ளபடியே சொன்னால், உங்கள் உறவினருக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1992-ல் வந்த அமெரிக்க அரசு எதிர் வில்லியம்ஸ் வழக்கு, ஏறக்குறைய உங்கள் உறவினரின் கதையே. வங்கிகளிடம் தம் சொத்து நிலையைத் தவறாகக் காட்டியதாகத் துல்சா நகர முதலீட்டாளர் ஒருவர் மீது குற்றச்சாட்டு. தாம் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை என்பதைத் தம்முடைய பேரேடுகளும் வரிக் கணக்குகளும் முந்தைய வாக்குமூலமும் காட்டும் என்றும், அவற்றை அரசு வழக்கறிஞர் கிராண்ட் ஜூரியிடம் காட்டவில்லை என்றும் அவர் வாதிட்டார். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக் குற்றச்சாட்டுப் பத்திரத்தைத் தள்ளுபடி செய்தன. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் திருப்பிவிட்டது. கிராண்ட் ஜூரி என்பது நீதிமன்றத்தின் கிளையோ அரசின் கிளையோ அல்ல, அதற்குள் புகுந்து நடைமுறை வகுக்க நீதிபதிகளுக்குப் பொதுவான அதிகாரம் இல்லை என்றும், குற்றம் சாட்டும் அமைப்பை இரு பக்கத்தையும் சீர்தூக்கித் தீர்ப்பளிக்கும் அமைப்பாக மாற்றலாகாது என்றும் நீதிபதி ஸ்காலியா எழுதினார். ஆகவே, மின்னஞ்சலைக் காட்டாதது ஒன்றை மட்டும் வைத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்தப் பத்திரத்தை உடைக்க முடியாது.

முதற்கட்ட விசாரணை ரத்தானதிலும் சட்டப் பிழை இல்லை. காவலில் இருப்பவருக்கு 14 நாளிலும் வெளியே இருப்பவருக்கு 21 நாளிலும் அது நடக்க வேண்டும் என்பது விதி. இடையில் கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டை ஏற்றுவிட்டால் அது தேவையில்லை என்பதும் அதே விதி. குறுக்கு விசாரணைக்குத் தங்கள் சாட்சியைக் கொடுக்காமலிருக்க அரசு வழக்கறிஞர்கள் இந்த வழியை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

வடக்குவாசல்:

நான் வழக்கறிஞன் அல்லன். கூட்டாட்சி கிராண்ட் ஜூரி ஒன்றில் உறுப்பினராக இருந்தவன். எங்கள் முன் வந்த எந்த வழக்கைப் பற்றியும் நான் வாய் திறக்கக் கூடாது, திறக்கவும் மாட்டேன். சாட்சிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், அந்த வங்கி ஊழியர் உங்கள் வழக்கறிஞரிடம் பேசியதில் தவறேதுமில்லை. பொதுவில் அந்த அறை எப்படி இயங்கும் என்பதை மட்டும் சொல்கிறேன், மின்னஞ்சல் ஏன் அங்கே வராமல் போகக்கூடும் என்பது அதிலிருந்து விளங்கும்.

அந்த அறைக்குள் நீதிபதி இல்லை. குற்றம் சாட்டப்படுபவரும் இல்லை, அவருடைய வழக்கறிஞரும் இல்லை. குழுவில் 16 முதல் 23 பேர் வரை இருப்போம். குறைந்தது 16 பேர் வந்திருந்தால்தான் கூட்டமே நடக்கும், குற்றச்சாட்டை ஏற்க 12 பேர் உடன்பட வேண்டும். எங்களோடு அரசு வழக்கறிஞர், ஒரு சமயத்தில் ஒரு சாட்சி, சுருக்கெழுத்தாளர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தம் வழக்கறிஞரோடு பேச விரும்பினால் எழுந்து நடைக்கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். நாங்கள் கலந்து முடிவெடுக்கும்போது அரசு வழக்கறிஞர் உட்பட எல்லோரும் வெளியேறிவிடுவார்கள்.

பெரும்பாலும் சாட்சியாக வருபவர் புலனாய்வு அதிகாரி ஒருவர்தான். பிறர் சொன்னவற்றையும் தாம் படித்த ஆவணங்களையும் அவர் தொகுத்துச் சொல்வார். அவர் அமர்ந்த சற்று நேரத்தில், இன்னார் சொன்னார் என்று எங்களிடம் சொல்கிறீர்களே, அந்த இன்னார் ஏன் இங்கே வரவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றியதுண்டு. சாட்சியிடம் நாங்களும் கேள்வி கேட்கலாம், ஆவணங்களை வரவழைக்கச் சொல்லவும் செய்யலாம் என்பது முதல் நாளிலேயே சொல்லப்படும் செய்தி. ஆனால் இருப்பதாகவே தெரியாத மின்னஞ்சலை எவரால் கேட்டு வாங்க முடியும்?

மன்றாடி:

வடக்குவாசல் அவர்கள் சொல்லும் செவிவழிச் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் 1956-லேயே அனுமதித்துவிட்டது. சூதாட்ட உலகில் பேர்போன ஃபிராங்க் காஸ்டெல்லோ மீதான வருமான வரி வழக்கில், விசாரணையின்போது அரசு 144 சாட்சிகளை நிறுத்தி 368 சான்றாவணங்களைக் காட்டியது. கிராண்ட் ஜூரி முன்னரோ வந்தவர்கள் கணக்குகளைத் தொகுத்த மூன்று அதிகாரிகள் மட்டுமே. அதுவே போதும் என்றார் நீதிபதி பிளாக். 1974-ல் கலாண்ட்ரா வழக்கு இன்னும் ஒரு படி சென்று, சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கிடைத்த பொருளை அடிப்படையாகக் கொண்ட கேள்விகளுக்குக்கூடக் கிராண்ட் ஜூரி முன் விடை சொல்ல மறுக்க முடியாது என்றது.

குறுமுனி:

மன்றாடி அவர்களின் விளக்கத்தில் சட்டம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் ஒருவர், கிராண்ட் ஜூரி என்றாலே இப்படித்தான் இருக்க முடியும் என்று எண்ணிவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் நியூயார்க் மாநில நீதிமன்றங்களை அறிந்தவன். அங்கே கிராண்ட் ஜூரி மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது; ஹுர்டாடோ தீர்ப்பு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே தவிர, தடுக்கவும் இல்லை. குற்றம் சாட்டப்படுபவர் தாமே வந்து சாட்சி சொல்ல விரும்புவதாக எழுத்து மூலம் அறிவித்தால், விலக்குரிமையை (தாம் சொல்லும் சாட்சியத்துக்காக வழக்குத் தொடரப்படாத பாதுகாப்பை) துறந்துவிட்டுத் தம் வழக்கறிஞருடன் அந்த அறைக்குள் நுழையலாம். பொதுவாகச் செவிவழிச் சாட்சியம் அங்கே எடுபடாது. குற்றச்சாட்டுப் பத்திரம் வந்த பிறகு, கிராண்ட் ஜூரியின் பதிவுகளை நீதிபதி படித்துப் பார்த்து, சட்டப்படி போதுமான சாட்சியம் இல்லையென்று கண்டால் தள்ளுபடி செய்யவும் வழி இருக்கிறது. இவ்வளவையும் சேர்த்த பிறகும் அந்த மாநிலத்தில் நீதி நிர்வாகம் முடங்கிப்போகவில்லை. குற்றம் சாட்டும் அமைப்பு தீர்ப்பளிக்கும் அமைப்பாக மாறிவிடும் என்று ஸ்காலியா காட்டிய அச்சத்துக்கு, கண்ணெதிரே இருக்கும் மறுப்பு இது.

அவருடைய வரலாற்று வாசிப்பும் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டது என்பேன். 1681-ல் மன்னர் இரண்டாம் சார்லஸின் எதிரியான ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மீது ராஜதுரோகக் குற்றம் சுமத்த லண்டன் கிராண்ட் ஜூரி மறுத்தது. 1734-ல் நியூயார்க் ஆளுநரைக் கண்டித்த அச்சகத்தார் ஜான் பீட்டர் ஜெங்கர் மீது குற்றம் சுமத்தக் கிராண்ட் ஜூரி மறுத்தபோது, அரசின் தலைமை வழக்கறிஞர் தாமே குற்றச்சாட்டைத் தாக்கல் செய்து வழக்கை நடத்தினார். அடுத்த ஆண்டு விசாரணை ஜூரி அவரை விடுவித்தது. அரசு தன் கையாலேயே குற்றம் சாட்டிவிடக் கூடாது என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களில் ஊறியது. அப்படிப்பட்ட கேடயம், உண்மையில் பாதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று விரும்பியவர் யார்? வில்லியம்ஸ் வழக்கில் மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸும் இதைத்தான் கேட்டார் என்று நான் கொள்கிறேன். எல்லாச் சாதக ஆவணத்தையும் தேடித் துருவிக் கொடுக்கச் சொல்லவில்லை, கையிலிருக்கும் கனமான ஆவணத்தை மறைத்துக் குழுவைத் தவறான வழியில் கொண்டுபோகலாகாது என்பதே அவர் நிலை.

அரசு வழக்கறிஞர் நினைத்தால் பன்றிக்கறி சாண்ட்விச் மீதும் குற்றம் சுமத்த வைக்கலாம் என்று நியூயார்க் தலைமை நீதிபதி சால் வாக்ட்லர் 1985-ல் சொன்னது பழமொழியாகவே ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனில் கூட்டாட்சி அதிகாரி மீது சாண்ட்விச்சை வீசியவர் மீது பெருங்குற்றம் சுமத்தக் கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம். விடாத அரசுத் தரப்பு, கிராண்ட் ஜூரி தேவைப்படாத சிறுகுற்றமாக அதைச் சுருக்கி வழக்கை நடத்தி, அதிலும் தோற்றது.

ஏட்டுச்சுரை:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நாங்கள் இருப்பது நியூயார்க் மாநில நீதிமன்றத்தில் அல்ல, கூட்டாட்சி நீதிமன்றத்தில் என்பதால் மன்றாடி அவர்களிடமே கேட்கிறேன். இந்தக் குற்றச்சாட்டுப் பத்திரத்தை எதிர்த்து எதுவுமே செய்ய முடியாதா? அவருடைய வங்கிக் கணக்கையும் முடக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் உரிய சட்ட நடைமுறை என்ற வாசகம் எந்த இடத்தில்தான் அவருக்குக் கைகொடுக்கும்?

மன்றாடி:

கிராண்ட் ஜூரி அறையின் வாசலுக்கு வெளியே கைகொடுக்கும் என்பதே நேர்மையான பதில். 1963-ஆம் ஆண்டின் பிரேடி எதிர் மேரிலாந்து தீர்ப்பின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக, வழக்கின் முடிவை மாற்றக்கூடிய சான்றை அரசுத் தரப்பு அவருக்குக் கொடுத்தே தீர வேண்டும். அது உரிய சட்ட நடைமுறையின் நேரடிக் கட்டளை. உங்கள் மின்னஞ்சல் உங்களிடமும் இருக்கிறது. ஆனால் அதைப் பெற்ற வங்கி அதிகாரி புலனாய்வாளர்களிடம் என்ன சொன்னார் என்ற குறிப்பு அவர்களிடம்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவதில்தான் உங்கள் வழக்கறிஞர் உழைப்பைச் செலுத்த வேண்டும். அந்த வங்கி ஊழியர் விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தால், அவர் கிராண்ட் ஜூரி முன் சொன்னதன் எழுத்துப் பதிவும் குறுக்கு விசாரணைக்காக உங்களுக்குக் கிடைக்கும்.

பத்திரத்தையே தாக்குவதற்கான வழிகள் குறுகலானவை. அறைக்குள் யார் இருக்கலாம் என்பது போன்ற எழுதப்பட்ட விதியை அரசுத் தரப்பு மீறியிருந்தால், அந்த மீறல் குழுவின் முடிவைக் கணிசமாகப் பாதித்தது என்றோ, பாதித்திருக்குமோ என்ற பலத்த ஐயம் இருக்கிறது என்றோ காட்ட வேண்டும். 1988-ல் பேங்க் ஆஃப் நோவா ஸ்கோஷியா வழக்கு வகுத்த அளவுகோல் அது. அதையும் காலத்தோடு எழுப்ப வேண்டும். 1986-ல் மெக்கானிக் என்பவரின் வழக்கில் இரண்டு அதிகாரிகள் ஒருசேர அமர்ந்து சாட்சி சொன்னது விதிமீறல்தான். ஆனால் அது வெளிச்சத்துக்கு வந்து நீதிமன்றம் அதைப் பரிசீலிப்பதற்குள் விசாரணை ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டது, அந்த முடிவே பிழையைத் தீங்கற்றதாக்கிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் கைகழுவிவிட்டது.

இதற்கு நேர்மாறாக நிற்பது அதே ஆண்டின் வாஸ்குவெஸ் எதிர் ஹில்லரி. கலிபோர்னியாவின் கிங்ஸ் கவுண்டியில் 1962-ல் ஒரு கறுப்பினத்தவர் மீது கொலைக் குற்றம் சுமத்திய கிராண்ட் ஜூரியிலிருந்து கறுப்பினத்தவர்கள் திட்டமிட்டு விலக்கப்பட்டிருந்தார்கள். விசாரணையில் குறை இல்லையே என்று மாநில அரசு வாதிட்டும், 24 ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தண்டனை செல்லாதென்றே தீர்ப்பு வந்தது. கவனியுங்கள், கிராண்ட் ஜூரி கட்டாயமில்லாத மாநிலம்தான் அது. கட்டாயம் இல்லாவிட்டாலும், ஒரு மாநிலம் அதைப் பயன்படுத்துமானால் இனப் பாகுபாட்டோடு பயன்படுத்தலாகாது; அங்கே வேலை செய்தது பதினான்காம் திருத்தத்தின் சமத்துவ வாசகம்.

உங்கள் உறவினருக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய ஒன்று கிராண்ட் ஜூரி வாசகத்திலேயே இருக்கிறது. பத்திரத்தில் எழுதியிருக்கும் குற்றத்துக்கு மட்டுமே விசாரிக்க முடியும். 1960-ல் ஸ்டைரோன் வழக்கில், மணல் வரத்து தடைப்பட்டதாகப் பத்திரம் சொல்லியிருக்க, எஃகுப் போக்குவரத்து தடைப்பட்டதையும் சேர்த்து நிரூபிக்க அரசுத் தரப்பை விட்டது தவறென்று தண்டனை ரத்தானது. ஆகவே சொத்து மதிப்பு பற்றிய பொய் என்று எழுதிவிட்டு, மின்னஞ்சல் வெளிவந்ததும் வேறொரு பொய்யின் பக்கம் அரசுத் தரப்பு நழுவினால் அங்கே பிடிக்கலாம். மீண்டும் கிராண்ட் ஜூரியிடம் போய்த் திருத்திய பத்திரம் வாங்கி வர அவர்களுக்குத் தடை இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வங்கிக் கணக்கு முடக்கம் பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் கிராண்ட் ஜூரியின் ஒருதலை முடிவு மிகவும் வலிக்கும். 2014-ல் கெய்லி வழக்கில், வழக்கறிஞருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தையே முடக்கிய நிலையில்கூட, குற்றத்துக்கு நியாயமான முகாந்திரம் உண்டு என்ற கிராண்ட் ஜூரியின் முடிவை நீதிபதி முன் மறுபடி கிளற முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் மாறுபட்டவர்களில் ஒருவர். ஆனால் முடக்கப்படும் பணத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை எதிர்த்து வாதாடும் வாய்ப்பைக் கீழ் நீதிமன்றங்கள் வழங்கிவந்திருப்பதை அந்தத் தீர்ப்பு கலைக்கவில்லை. சம்பளப் பணம் எது, கடன் பணம் எது என்று பிரித்துக் காட்டும் கணக்கை இப்போதே தயாரிக்கச் சொல்லுங்கள்.

அரசு வழக்கறிஞர்கள் பணிபுரியும் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் உள்வழிகாட்டி நூல், கனமான சாதகச் சான்று தெரிந்திருந்தால் கிராண்ட் ஜூரியிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்துகிறது. அதை மீறினார் என்பதற்காக நீதிமன்றம் வழக்கைத் தள்ளாது. ஆயினும் மின்னஞ்சலைச் சுட்டி, மேலதிகாரியின் பார்வைக்குப் போகும்படி உங்கள் வழக்கறிஞர் கடிதம் எழுதினால், குற்றச்சாட்டுகளில் சிலவற்றையாவது கைவிடுவது பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்குவதுண்டு. கிராண்ட் ஜூரி நடவடிக்கையில் குறை என்று எதை எழுப்புவதானாலும், கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறை விதிகளின் பன்னிரண்டாம் விதிப்படி நீதிபதி குறித்திருக்கும் கெடுவுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.